முனிவர்: ஒரு சொல்லும் செட்டிநாட்டு வழக்குகளும்

முனிவர் என்பது பற்றைத் துறந்து தவமும் சிந்தனையுமாக வாழும் பெரியோரைக் குறிக்கும் சொல். பள்ளிப் பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் ரிஷி, சித்தர், ஞானி, அடிகள், அறிவர் ஆகிய எல்லாச் சொற்களுக்கும் ஈடாக இந்த ஒரு சொல்லே இன்று எழுதப்படுகிறது. ஆனால் இவை ஒரே பொருளுடைய சொற்கள் அல்ல. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சமயத்தாரும் வெவ்வேறு தொழில் செய்தோரும் தத்தம் பெரியோருக்கு இட்ட பெயர்கள் இவை. இந்தப் பெயர்கள் பலவும் இன்றும் வழக்கில் இருக்கும் பகுதி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாடு. இப்பகுதிக்குள் ஓர் ஊரில் அடிகளார், இன்னோர் ஊரில் ஆண்டவர், மற்றோர் ஊரில் சித்தர், ஊர் எல்லையில் முனி என்று அவை விளங்குகின்றன. பெயர்களைக் கலந்துவிட்டால் ஆட்களும் கலந்துவிடுவர். தமிழ் இலக்கிய வரலாற்றில் அப்படிக் கலந்த இடங்கள் உண்டு.

முனிவும் முனிவரும்

தமிழில் முனிதல் என்றால் வெறுத்தல், சினத்தல். முனிவு என்றால் வெறுப்பு, சினம். திருக்குறளில் பயனில சொல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில் இந்த வினைச்சொல் வருகிறது. பயனற்ற பேச்சைப் பேசுபவனைக் கேட்போர் வெறுப்பர் என்பதே அங்குள்ள கருத்து. ஆகவே ‘அவர் முனிவர்’ என்ற தொடருக்குத் தமிழ் இலக்கணப்படி இரண்டு பொருள் கொள்ளலாம். அவர் ஒரு தவசி என்பது ஒன்று. அவர் சினம் கொள்வார் என்பது மற்றொன்று. மாணவர்கள் இதைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சொல்லின் வரலாறே இந்த இரட்டைப் பொருளில்தான் அடங்கியிருக்கிறது.

வடமொழியில் முனி என்ற சொல் மிகப் பழையது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே நீள்முடி கொண்ட முனிகள் பேசப்படுகின்றனர். மௌனம் என்ற சொல்லும் முனி என்பதிலிருந்து பிறந்ததே. அந்த வழியில் முனி என்பவர் பேசாதிருப்பவர், உள்ளுக்குள் சிந்திப்பவர். தமிழறிஞர் சிலர் முனிதல் என்ற தமிழ் வினையிலிருந்து இச்சொல்லை விளக்கி, உலகப் பற்றை வெறுத்தவரே முனிவர் என்பர். இரண்டும் ஓசையால் ஒத்துப்போனதால் வந்த சொல்லும் இருந்த சொல்லும் தமிழில் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பிணைந்த பின் வடமொழி முனியின் மௌனத்தோடு தமிழ் முனிவின் சினமும் சேர்ந்துகொண்டது.

திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஆவினன்குடியைப் பாடும் பகுதியில் முருகனைக் காண முனிவர்கள் வருகின்றனர். மரவுரி உடுத்த அவர்கள் காமத்தையும் கடுஞ்சினத்தையும் நீக்கியவர்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. சினம் என்ற பொருள் உள்ளேயே கிடக்கும் ஒரு சொல்லால் சினமற்றவர்களைப் புலவர் குறிக்கிறார். சொல்லின் மறுபொருள் அவர் காதில் ஒலித்திருக்கவே வேண்டும். ஆவினன்குடி பழனி மலையின் அடிவாரத்தில் உள்ளது. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு நகரத்தார் காவடியுடன் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்து செல்லும் வழக்கம் பல நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. நக்கீரரின் முனிவர்கள் போய்ச் சேர்ந்த இடமே அந்த நடைப்பயணத்தின் முடிவிடமும் ஆகும்.

இன்னும் நெருக்கமான சான்று திருப்பத்தூருக்கு அருகிலுள்ள மகிபாலன்பட்டியில் இருக்கிறது. சங்க காலப் பூங்குன்றம் இவ்வூரே என்று அறிஞர் கொள்வர். கணியன் பூங்குன்றனார் இவ்வூர்க்காரர். கணியன் என்பது காலத்தைக் கணிப்பவனுக்குரிய பெயர். அவரை இன்று பலரும் முனிவர் என்றே எழுதுகின்றனர். ஆனால் அவர் பாடிய புறநானூற்று 192ஆம் பாடலில் முனிவு என்ற சொல் வெறுப்பு என்ற பொருளில்தான் வருகிறது. வாழ்க்கை இனியது என்று துள்ளவும் வேண்டாம், வெறுப்பால் அதைத் துன்பம் என்று தள்ளவும் வேண்டாம் என்பது அவர் நிலை. பாடலின் முடிவில், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்கிறார். உலகை முனியாத ஒருவரை, பெரியோர் என்பதற்காக எவரையும் வியக்காத ஒருவரை, முனிவர் பட்டியலில் சேர்ப்பது அவரது பாடலுக்கே மாறானது. அவருக்குப் பொருந்தும் பெயர் கணியன்தான். வேண்டுமானால் சான்றோர் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லையில் நிற்கும் முனி

சிற்றூர் வழக்கில் முனி என்றால் தாடி வைத்த தவசி நினைவுக்கு வருவதில்லை. ஊர் எல்லையிலோ கண்மாய்க் கரையிலோ மரத்தடியிலோ இருந்து காவல் காக்கும் தெய்வமே முனி. முனீஸ்வரன், முனியப்பன், முனியாண்டி, ஜடாமுனி, வாழ்முனி, செம்முனி என்று பெயர்கள் நீளும். உச்சி வேளையில் தனியாகப் போனவனுக்குக் காய்ச்சல் வந்தால் ‘முனி அடித்துவிட்டது’ என்பார்கள். இங்கே தமிழ்ச் சொல்லின் சினம் முழு உருவத்தோடு நிற்கிறது. துர்வாசர், விசுவாமித்திரர் போன்று எளிதில் கோபம் கொள்ளும் ரிஷிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, தவத்தால் வலிமை பெற்றவர் சபிக்கவும் வல்லவர், ஆகவே காக்கவும் வல்லவர் என்று எண்ணுவது இயல்பே.

முனியாண்டி என்ற பெயரில் இரண்டு துறவுச் சொற்கள் உள்ளன. முனி தவசி, ஆண்டி இரந்துண்ணும் துறவி. இரண்டும் சேர்ந்து பிறந்த பெயரோ கிடாவெட்டும் பிரியாணியும் பெறும் தெய்வத்தின் பெயர். மதுரை மாவட்டத்தில் கள்ளிக்குடிக்கு அருகிலுள்ள வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் விழாவில் அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்துப் படைத்துப் பகிர்வது புகழ்பெற்றது. அவ்வூர்க்காரர்கள் தொடங்கிய முனியாண்டி விலாஸ் அசைவ உணவகங்கள் பின்னர் தமிழகமெங்கும் பரவின. அவற்றுள் முதற்கடை 1930-களில் திறக்கப்பட்ட இடம் காரைக்குடி. வணிகம் செழித்து, வெளியூர் ஆட்கள் வந்துபோன நகரத்தில் இலைச்சாப்பாட்டுக்குத் தேவை இருந்தது. முனிவரின் பெயர் பெயர்ப்பலகையில் ஏறி ஆட்டுக்கறிக் குழம்புக்கு அடையாளமானதை வேறெந்த மொழியின் அகராதியிலும் காண்பது அரிது.

கடல் கடந்த இடங்களிலும் இந்த வேறுபாடு தெரியும். பர்மா, மலாயா, சிங்கப்பூருக்குச் சென்ற நகரத்தார் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தோட்டத்திலும் ரயில்பாதையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் முனீஸ்வரனை வைத்தனர். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் உள்ள முனீஸ்வரன் கோயில், ரயில்பாதைத் தொழிலாளர்கள் 1930-களில் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. காட்டை வெட்டிப் பாதை போட்டவனுக்குக் காவல் தெய்வம்தானே முதலில் வேண்டும்?

அறிவரும் அடிகளும்

தொல்காப்பியம் பயன்படுத்தும் சொல் அறிவர். முக்காலத்தையும் உணர்ந்து நெறிப்படி ஒழுகுபவராகப் புறத்திணையியல் அறிவனைச் சொல்கிறது. கற்பியலிலோ அறிவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார். கணவனையும் மனைவியையும் இடித்துரைத்து வழியில் நிறுத்துவது அவர் வேலை. அவர் சொல்லின் எல்லையில் இருவரும் நிற்பர். காட்டில் தனித்திருக்கும் தவசியின் சித்திரம் இங்கே இல்லை. ஊரோடு இருப்பவர், ஊரார் குடும்பத்தில் பேச உரிமை பெற்றவர் என்பதே தமிழின் பழைய அறிவரின் இலக்கணம்.

ஊருக்கு வெளியே மலைக்குகைகளில் தங்கியவர்கள் சமணத் துறவியர். குன்றக்குடி மலையில் அவர்கள் தங்கிய இயற்கைக் குகைத்தளமும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. அந்தப் பகுதியை ஞானியார் என்ற பெயரோடு சேர்த்தே மக்கள் வழங்கிவந்தனர். அங்கே தங்கியவர்களின் சமயம் மக்கள் நினைவிலிருந்து மறைந்துபோனாலும், யாரோ பெரியவர் இருந்தார் என்பது மட்டும் பெயராகத் தங்கிவிட்டது.

அடிகள் என்ற சொல்லின் பயணமும் சமணத்தோடு தொடர்புடையது. அடி என்றால் பாதம். பெரியவரை நேரே சுட்டாமல் அவர் பாதத்தைச் சுட்டும் பணிவே அடிகள் என்ற பெயர். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாக வரும் கவுந்தியடிகள் சமணப் பெண் துறவி. மணிமேகலையில் வரும் அறவண அடிகள் பௌத்தர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவில் வழங்கிய மதிப்புச் சொல் இது. கவுந்தி அடக்கமே வடிவானவர். ஆயினும் கண்ணகியையும் கோவலனையும் இழிவாகப் பேசிய இருவரை நரிகளாகச் சபித்துவிடுகிறார். முனிவு என்னும் பொருள் அடிகளையும் விடவில்லை.

நீண்ட காலம் நூல்களிலேயே தங்கியிருந்த இச்சொல் இருபதாம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றது. சுவாமி வேதாசலம் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலையடிகள் ஆனார். அதன் பின் அடிகள் என்ற சொல்லுக்குத் தமிழுணர்வு என்ற நிறமும் ஏறியது. அந்த நிறத்தோடு அப்பெயர் செட்டிநாட்டில் வந்து நிலைபெற்றது குன்றக்குடி அடிகளாரிடம்.

1925-இல் மயிலாடுதுறைப் பகுதியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அரங்கநாதன். சிறுவயதில் அண்ணாமலைநகரில் தமிழறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளையிடம் ஒரு திருக்குறளை ஒப்பித்தால் காலணா பெற்றவர் அவர். தருமபுரம் ஆதீனத்தில் சேர்ந்து துறவு பூண்டபோது கந்தசாமித் தம்பிரான் ஆனார். குன்றக்குடியிலுள்ள திருவண்ணாமலை ஆதீனத்துக்கு வந்து 1952-இல் அதன் தலைமையை ஏற்றபோது தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாசாரிய சுவாமிகள் என்பது மடத்து மரபுப்படி அமைந்த பெயர். மடத்துக்குள் மகாசந்நிதானம். ஆனால் ஊரும் நாடும் அவரை அழைத்தது குன்றக்குடி அடிகளார் என்றுதான்.

நான்கு பெயர்களும் ஒருவரையே குறித்தாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு கடமையைச் சுட்டுகிறது. தம்பிரான் மடத்துக்குக் கட்டுப்பட்டவர். பரமாசாரியர் தீட்சை பெற்றவர்களுக்கு ஆசான். அடிகளாரோ மேடைக்கு வந்தவர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கேற்றார். தமிழக மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். கடவுள் மறுப்பாளரான பெரியாரோடு நட்புப் பாராட்டினார். பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது அளிக்கப்பட்ட திருநீற்றை மறுக்காமல் ஏற்றார் என்ற செய்தி இன்றும் பேசப்படுகிறது. பிற்காலத்தில் ஊர் மக்களைக் கூட்டி, வீடுவீடாகத் தேவைகளைக் கணக்கெடுத்து, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் துணையோடு சிறு தொழில்களைக் கொண்டுவந்த குன்றக்குடித் திட்டம் டெல்லி வரை கவனம் பெற்றது. 1995-இல் மறைந்தார். கற்பியல் சொல்லும் அறிவரைப் போலக் குடும்பங்களின் நடுவே நின்று இடித்துரைத்தவர் என்பதால், அவரை முனிவர் என்பதைவிட அறிவர் என்பது கூடுதலாகப் பொருந்தும்.

ஆண்டவர், குரு

காரைக்குடியை ஒட்டிய கோவிலூரில் கொற்றவாளீசுவரர் கோயிலும் அதையொட்டி வேதாந்த மடமும் உள்ளன. மடத்தை நிறுவிய முத்துராமலிங்க ஞானதேசிகரும் அவருக்குப் பின் வந்த தலைவர்களும் ஆண்டவர் என்று அழைக்கப்படுகின்றனர். ஆண்டவர் என்றால் ஆள்பவர், கடவுள். எதையும் ஆளாத துறவிக்கு இப்பெயர் ஏன் என்று கேட்கலாம். கோவிலூரில் கற்பிக்கப்பட்டது அத்வைத வேதாந்தம். தன்னை உணர்ந்தவருக்கும் பிரம்மத்துக்கும் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிபு. அந்த முடிபே அழைப்புப் பெயராகிவிட்டது. சைவ சித்தாந்த மரபினரான குன்றக்குடியில் இப்பெயர் ஒருபோதும் எழுந்திராது. அங்கே உயிர் இறைவனின் அடி சேர்வது, ஆகவே அடிகள். சில கல் தொலைவில் நிற்கும் இரண்டு மடங்களின் தத்துவ வேறுபாட்டைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. கோவிலூரின் இன்னொரு சிறப்பு, கைவல்ய நவநீதம் போன்ற நூல்களைக் கொண்டு வேதாந்தத்தைத் தமிழிலேயே பாடம் சொன்னது.

பாதரக்குடி, துலாவூர் மடங்கள் நகரத்தாரின் குருமடங்கள். ஆண்கள் பாதரக்குடியிலும் பெண்கள் துலாவூரிலும் உபதேசம் பெறுவது மரபு. இங்கே குரு என்ற சொல் உறவுச் சொல்லைப் போன்றது. எவ்வளவு கற்றவர் என்பது இரண்டாவது. எந்தக் குடும்பத்துக்கு எந்த மடம் என்பதே முதலில் கேட்கப்படும்.

சித்தர்

சித்தி பெற்றவர் சித்தர். மடம், தீட்சை, பட்டம் எதுவும் இல்லாதவருக்கும் மக்கள் தரக்கூடிய பெயர் இது. சிங்கம்புணரியில் முத்துவடுகநாத சித்தரின் சமாதிக் கோயிலை வாத்தியார் கோயில் என்று சுற்றுவட்டாரத்தார் சொல்வதுண்டு. பள்ளி ஆசிரியருக்கும் சிலம்ப ஆசானுக்கும் பொதுவான வாத்தியார் என்ற சொல் சித்தருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெயர் ஒற்றுமையால் ஆட்கள் கலந்த இடத்துக்குப் பட்டினத்தார் நல்ல எடுத்துக்காட்டு. பதினோராம் திருமுறையில் பட்டினத்துப் பிள்ளையார் பெயரில் கோயில் நான்மணிமாலை உட்பட ஐந்து நூல்கள் உள்ளன. அவை செறிந்த நடையில் அமைந்தவை, தலங்களைப் போற்றுபவை. பிற்காலத்தில் பட்டினத்தார் பெயரால் வழங்கும் பாடல்களோ எளிய நடை கொண்டவை. உடலையும் செல்வத்தையும் கடுமையாகப் பழிப்பவை. இரண்டையும் பாடியவர் ஒருவர் அல்லர், இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். முன்னவரைத் திருமுறை ஆசிரியர் என்றும் பின்னவரைச் சித்தர் என்றும் எழுதினால் குழப்பம் இல்லை. இருவரையும் முனிவர் என்று எழுதும்போதுதான் பத்தாம் நூற்றாண்டுக்காரர் பிற்காலக் கொச்சை வழக்கில் பாடியதாக ஆகிவிடுகிறது.

காவிரிப்பூம்பட்டினத்தைத் தம் பூர்விகமாகக் கொண்ட நகரத்தார் பட்டினத்தாரைத் தம்மவராகவே போற்றுகின்றனர். கடல் கடந்து பொருள் ஈட்டிய சமூகம், காதற்ற ஊசி ஒன்றைக் கண்டு கப்பல் செல்வத்தையெல்லாம் உதறிய வணிகரின் கதையை விரும்பிச் சொல்லிவந்திருக்கிறது. ஐந்தொகை எழுதும் கைக்கு இந்தக் கதையும் ஒரு கணக்குத்தான் போலும்.

அகத்தியர் கதை இன்னும் சிக்கலானது. வேதத்தில் ரிஷி, தமிழ் மரபில் அகத்தியம் என்ற இலக்கணம் செய்த பொதிகை முனிவர், சித்த மருத்துவ நூல்களில் பதினெண் சித்தருள் ஒருவர். அவர் பெயரில் வழங்கும் மருத்துவப் பாடல்களின் மொழி மிகவும் பிற்பட்டது என்பதைப் படித்தவுடன் உணரலாம். பதினெண் சித்தர் பட்டியலும் நூலுக்கு நூல் மாறும்.

இங்கே ஆங்கிலத்தை ஒப்பிடலாம். ஆங்கிலத்தில் சேஜ் என்பது முனிவரையும் குறிக்கும், ஒரு மூலிகையையும் குறிக்கும். இரண்டும் வேறு வேறு சொற்கள். முனிவரைக் குறிப்பது சுவைத்தல், அறிதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது; மூலிகையின் பெயர் நலம் என்னும் பொருளுள்ள சால்வியா என்ற லத்தீன் சொல்லின் திரிபு. காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிட்டது. தமிழிலும் முனிவரும் கீரையும் பெயரால் ஒட்டிய இடம் உண்டு: அகத்தியரும் அகத்தியும். வடமொழியிலும் அம்மரத்துக்கு அகஸ்தி என்ற பெயர் இருப்பதால் இது வெறும் ஒலி ஒற்றுமை அல்ல. ஏகாதசி விரதம் முடிந்த துவாதசியன்று அகத்திக்கீரை சமைப்பது வழக்கம். செட்டிநாட்டில் அரிசி கழுவிய மண்டியில் கீரையை வேகவைப்பார்கள். சித்த மருந்து உண்போரை மட்டும் அகத்திக்கீரை கூடாது என்று வைத்தியர் தடுப்பர். அது மருந்தை முறித்துவிடுமாம். சித்த மருத்துவத்தின் தலைவராகச் சொல்லப்படுபவரின் பெயர் தாங்கிய கீரை அந்த மருந்துக்கே பகையாக இருப்பது வேடிக்கைதான்.

வானத்தில் ஏழு முனிவர்களாகக் காட்டப்படும் சப்தரிஷி மண்டலத்துக்கு நற்றிணையில் எழுமீன் என்றே பெயர். கைதொழும் வழக்கம் அப்போதே இருந்தது. ரிஷிகளின் பெயர் அதில் இல்லை.

பிற சமயங்களில்

இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார் (1680–1747) தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்து வீரமாமுனிவர் ஆனார். தைரியநாதர் என்ற அவரது முந்தைய பெயரும் அதே துணிவைத்தான் சொல்கிறது. மாமுனி என்ற பின்னொட்டு வைணவத்தில் மணவாள மாமுனிகளுக்கு வழங்கியது. அதே சொல் ஒரு கிறித்தவத் துறவிக்கும் ஒட்டிக்கொண்டதில் அக்காலத் தமிழர் முரண்பாடு எதையும் காணவில்லை.

செட்டிநாட்டுக்குக் கிழக்கே, தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். இறைக்காதலில் தன்னை மறந்தவர் என்னும் பொருளில் மஸ்தான் சாகிபு என்று அழைக்கப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த இந்தச் சூஃபிக் கவிஞரின் பாடல்களை இந்துக்களும் ஓதினர். அவரைச் சித்தர் என்றோரும் உண்டு. பிற்காலத்தில் சென்னையின் வடபகுதியில் தங்கியபோது அங்கிருந்தோர் அவரை முனிவர் என்றும் சொல்லவில்லை, சித்தர் என்றும் சொல்லவில்லை. வந்த ஊரைக் கொண்டு தொண்டியார் என்றே அழைத்தனர். அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆகி, இன்று தண்டையார்பேட்டை என்று வழங்குகிறது என்பர்.